60-ம் கல்யாணமும் 18,000 ரூபாயும்... திருக்கடையூரில் எங்கள் வீட்டு விசேஷம்!

இந்த ஊரில் மாப்பிள்ளைகளுக்கு நரைத்திருக்கும். மணப்பெண்களுக்கு மூட்டு வலி இருக்கும். பட்டுவேட்டியும் மாலையுமாக ஒருவர் மெதுவாகப் படி இறங்குவார். பின்னால் அவருடைய பேரன் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். கூறைப்புடவை கட்டிய அம்மா ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திருக்கடையூரில் இது தினசரிக் காட்சி.

மயிலாடுதுறையில் இருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். வழி முழுக்க வயல். ஊருக்குள் நுழைந்ததும் போர்டுகள் ஆரம்பித்துவிடுகின்றன. உக்ரரத சாந்தி, ஷஷ்டியப்தபூர்த்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம்... 59 முடிந்து 60 பிறந்தால் ஒன்று, 60 நிறைந்தால் ஒன்று, 70-க்கு ஒன்று, 80-க்கு ஒன்று. மார்க்கண்டேயனுக்காக எமனையே காலால் உதைத்த சிவன் இருக்கும் தலம் என்பதால், ஆயுள் சம்பந்தப்பட்ட எல்லா விசேஷத்துக்கும் மக்கள் இங்கேதான் வருகிறார்கள். ரூம், குருக்கள், ஹோமச் சாமான், நாதஸ்வரம், சாப்பாடு, மாலை என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் இருப்பதுதான் போட்டோ.

எங்கள் வீட்டில் முதலில் அடிக்கப்பட்டதும் அந்தக் கடைசி வரிதான்.

அப்பாவுக்கு 60 நிறைகிறது. நான், தம்பி, அத்தை குடும்பம், சித்தப்பா குடும்பம், 88 வயது தாத்தா எல்லாம் சேர்ந்து 14 பேர். தாம்பரம் வீட்டில் உட்கார்ந்து அப்பா நோட்டில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். போட்டோ என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"14 பேர் போறோம். சின்னக் குழந்தையத் தவிர எல்லார்கிட்டயும் போன் இருக்கு. அப்புறம் எதுக்கு தனியா ஒருத்தரு? 18,000 ரூபாயாம். அதுக்கு ஒரு நல்ல போனே வாங்கிடலாமே!"

சித்தப்பா சிரித்தார். தம்பி தலையாட்டினான். நான் மட்டும் எழுந்து கூடத்துக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த அப்பாயி படத்தைக் கழற்றி எடுத்துவந்து அப்பாவின் நோட்டு மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தப் படத்தின் கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

யாருடைய புடவை அது?

2017-ல் தாத்தாவுக்கு 80. அதே திருக்கடையூரில்தான் சதாபிஷேகம். அப்போதும் இதே பேச்சு, இதே முடிவு. "நம்ம பசங்க எடுத்துப்பாங்க." பசங்க என்றால் முக்கியமாக நான். கல்லூரி முதலாண்டு. புது போன். அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து எடுத்த படங்கள் 312 என்று ரயிலில் திரும்பி வரும்போது பெருமையாக எண்ணிச் சொன்னவளும் நானே.

தாத்தா அப்பாயி கழுத்தில் மறுபடி தாலி கட்டிய அந்த நிமிடத்தில் ஏழு போன்கள் உயர்ந்தன. ஒவ்வொருவர் படத்திலும் மற்ற ஆறு போன்கள் இருக்கின்றன. அத்தையின் கை அப்பாயி முகத்தை மறைத்திருக்கிறது. ஹோமப் புகையில் பிளாஷ் பட்டு, என் படங்களில் பாதி வெள்ளைத் திரை போட்டது மாதிரி இருந்தது. மொத்தத் தொகுப்பிலும் கண், மூக்கு, நெற்றித் திருநீறு வரை பளிச்சென்று தெரிபவர் பக்கத்து ஹோமத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. போனில் இடம் இல்லை. படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, ஒரிஜினலை அழித்துவிட்டேன். சித்தப்பாவின் போன் அடுத்த வருடம் தண்ணீரில் விழுந்தது. மிஞ்சியவை குரூப்பில் கிடந்த 41 படங்கள்.

2019-ல் அப்பாயி இறந்தார். சாவு வீட்டில் வாசலில் வைக்க ஒரு படம் கேட்டார்கள். 41 படங்களையும் தம்பியும் நானும் நடு ராத்திரியில் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றில் கண் மூடியிருந்தார். ஒன்றில் பாதி முகம். ஒன்றில் அழகாகச் சிரிக்கிறார், ஆனால் மூலையில், சின்னதாக. அதைத்தான் ஸ்டூடியோவுக்கு அனுப்பினோம். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஸ்டூடியோக்காரர் என்ன செய்வார், பாவம். முகத்தை மட்டும் வெட்டித் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஓர் உடம்பின் மேல் பொருத்திக் கொடுத்தார். அரக்குக் கலர் பட்டு, அகலமான ஜரிகை.

அப்பாயி வாழ்நாளில் அரக்குப் பட்டு கட்டியதில்லை. அவருக்குப் பிடித்தது வெந்தயக் கலர். எட்டு மணி நேரத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கிய படம் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆறு வருடமாக எங்கள் கூடத்தில் அப்பாயி முகமும் யாரோ ஒருவருடைய புடவையும் மாலை போட்டுக்கொண்டு தொங்குகின்றன.

இப்போது நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க படங்களை வெட்டுவதும் ஒட்டுவதும்தான் பிழைப்பு. அதனால் அன்று நடந்தது என்ன என்று இன்று புரிகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளமான பக்கம் சுமார் 1,600 பிக்ஸலுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்று கணக்கு. வகுத்துப் பாருங்கள், ஐந்து அங்குலம் சொச்சம். உள்ளங்கை அளவு. 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 5,400 பிக்ஸல் வேண்டும். 2023-ல் எச்.டி. என்று ஒரு வசதி வந்தது, அதை அழுத்த நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இதில் ஒரு வேடிக்கை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு படம் இருக்கிறது. 1964-ல் மன்னார்குடியில் ஒரு ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்தது. பின்னால் தூணும் தோட்டமும் வரைந்த திரை. தாத்தா நாற்காலியில், மடியில் கைக்குழந்தையாக அத்தை. பக்கத்தில் அப்பாயி விறைப்பாக நிற்கிறார். இவ்வளவு வருடம் ஆகியும் அவர் மூக்குத்தியின் கல்லை எண்ணலாம். இதுபோன்ற பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறது. வருங்காலத்தில் யாராவது 2017-ஐ இப்படிச் சேகரிக்க வந்தால் எங்கள் வீட்டில் கொடுக்க 41 வாட்ஸ்அப் படங்கள் இருக்கின்றன.

அப்பா படத்தைப் பார்த்தார். மறுபடி சுவரில் மாட்டச் சொன்னார். "பணத்த நான் தர மாட்டேன்" என்றார். சரி என்று நான் கொடுத்தேன். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு அது.

மேற்குப் பார்த்த கோபுரம்

உழவன் எக்ஸ்பிரஸில் விசேஷத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையே மயிலாடுதுறையில் இறங்கிவிட்டோம். தாத்தாவுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. வேன் பிடித்து, ரூம் போட்டு, இட்லி சாப்பிட்டு, எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

போட்டோகிராபர் அண்ணன் மாலை ஐந்து மணிக்கு வந்தார். 40 வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து ஊர்க்காரர், இந்தக் கோயிலில் பல வருடங்களாகப் படமெடுப்பவர். போனில் முன்பே மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். எத்தனை கலசம்? மொத்தம் எத்தனை பேர்? அதில் ரொம்ப வயசானவங்க யார்?

மூன்றாவது எதற்கு என்று கேட்டேன்.

"அவங்கள முதல்ல எடுத்துடுவேன்மா. ரெண்டு மணி நேரம் புகையில உக்காந்தா களைச்சுப் போய்டுவாங்க. அப்புறம் எடுத்தா முகத்துல களைப்புதான் தெரியும்."

நாளைக்குத்தானே விசேஷம், இன்றைக்கு எதற்கு வந்தார் என்று அம்மா என்னைக் கண்ணால் கேட்டார். அவர் கோபுரத்தைக் காட்டினார். அமிர்தகடேசுவரர் மேற்கு பார்த்து இருப்பவர். காலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால். முன்னால் ஜோடியை நிறுத்தினால் முகம் இருட்டாகிவிடும், வானம் வெளுத்துவிடும். சாயங்காலம்தான் வெளிச்சம் நேராக முன்பக்கம் விழும். "எல்லாரும் காலைல ஹோமம் முடிச்ச கையோட இங்க நின்னு செல்ஃபி எடுப்பாங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்தா கோபுரம் இருக்கும், ஆள் இருக்காது."

அம்மா சாதாரண வாயில் புடவையில் இருந்தார். "பட்டு கட்டலையே" என்று பின்வாங்கினார். அப்பாவோ கைலி மாற்றவே மாட்டேன் என்றார். ஒருவழியாக வேட்டிக்கு மாறினார். அவர்களை நடக்க மட்டும் சொன்னார் அண்ணன். கோபுரத்தைப் பார்த்து நடக்கவில்லை, கோபுரத்தை விட்டு வெளியே, வெயிலைப் பார்த்து. கடைத்தெருவில் பூக்காரம்மா மல்லிகை முழம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நின்று விலை கேட்டார். அப்பா வழக்கம்போல இரண்டடி முன்னால் போய், திரும்பிக் காத்திருந்தார். அந்த இடத்தில் கேமரா சத்தம் கேட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்ட அபிராமி பட்டருக்காக, அம்பாள் வானத்தில் நிலவைக் காட்டிய ஊர் இது. வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசும் ஓர் ஆள் இங்கே தொழில் செய்வது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "அப்படியா" என்றிருப்பார்.

கலசத் தண்ணீர்

மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் கோயில் வாசலில் கூட்டம். கோ பூஜை, கஜ பூஜை முடித்து மேளத்தோடு உள்ளே போனோம். முகூர்த்த நாள் என்பதால் பிராகாரத்தில் பாய் விரித்ததுபோல வரிசையாக ஹோமங்கள். இந்தப் பக்கம் 70, அந்தப் பக்கம் 60, தூணுக்கு அப்பால் ஒரு 80. ஒரு குருக்கள் சொல்லும் சங்கல்பம் அடுத்த குடும்பத்துக்கும் சேர்த்துக் கேட்கும். புகை எல்லோருக்கும் பொது.

முதல் வேலையாக அண்ணன் தாத்தாவைத் தேடிப் போனார். தூணோரம் வெளிச்சம் வரும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஐயா, இங்க இருந்தா உங்க பையன் நல்லாத் தெரிவாரு" என்றார். தெரிந்ததும் உண்மை. அங்கிருந்து தாத்தாவை எடுப்பது சுலபம் என்பதும் உண்மை.

புகை கிளம்பியதும் பிளாஷை அணைத்துவிட்டார். புகையில் பிளாஷ் அடித்தால் அது புகையைத்தான் படமெடுக்கும் என்றார். அதாவது 2017-ல் என் படங்கள் எல்லாம் புகையின் படங்கள். முற்றத்துப் பக்கம் திறந்திருந்த இடத்தை ஒட்டி நின்று, அங்கிருந்து வந்த வெளிச்சத்தை மட்டும் வைத்தே எடுத்தார். அவர் அதிகம் நகரவில்லை. எது எப்போது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குருக்கள் மஞ்சள் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

நான் உள்ளே இருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். 2017-ல் நான் விசேஷத்துக்கு வெளியே, போன் திரைக்குப் பின்னால் நின்றேன். அன்று அப்பாயி என்ன சொன்னார், தாத்தா சிரித்தாரா, எதுவும் ஞாபகம் இல்லை. பேட்டரி 14 சதவீதம் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்த முறை பாதபூஜைக்கு நானும் தம்பியும் உட்கார்ந்தோம். அப்பாவின் கால் விரலில் பழைய காயம் ஒன்று உண்டு, சைக்கிள் செயினில் மாட்டியது. அதைக் கழுவியபோதுதான் அந்தக் காலை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கை முழுக்க சந்தனமும் பாலும். போனைத் தொட்டிருக்கவே முடியாது.

பிறகு கலசாபிஷேகம். அப்பாவும் அம்மாவும் பலகையில் உட்கார, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, பூஜை செய்த கலசத் தண்ணீரை ஒவ்வொருவராக ஊற்ற வேண்டும். விடியற்காலைத் தண்ணீர், ஜில்லென்று இருந்தது. என் முறை வந்தபோது பின்னால் நின்று ஊற்றினேன். அம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

ஏழு வாரம் கழித்து ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. அம்மா சிரித்திருக்கிறார். வாய்விட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மழையில் மாட்டிக்கொண்டதுபோல. முகத்தில் வழியும் தண்ணீரில் மஞ்சள் கரைந்து ஓடுகிறது. பக்கத்தில் அப்பா அவரைத் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் சொம்போடு நான், எதுவும் தெரியாமல்.

எங்கள் வீட்டில் அம்மா சிரிக்கிற படமே கிடையாது. யார் போனை நீட்டினாலும் "என்ன எடுக்காத" என்று முந்தானையால் முகத்தை மூடுகிற ஆள். நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம். ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், சல்லடை பிடிக்கிறவர்கள், அடுத்த சொம்போடு வரிசையில் நிற்கிறவர்கள் என ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை. அம்மாவின் முகத்துக்கு எதிரே உட்கார, எந்த உறவும் இல்லாத ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார்.

சந்நிதிக்குள் போகும்போது கேமராவைப் பையில் வைத்துவிட்டு அண்ணன் வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. காலசம்ஹாரர், அபிராமி என்று அரை மணி நேரம் கையை வீசிக்கொண்டு நடந்தோம். அதற்குப் படம் இல்லை. தேவையும் இல்லை.

அவர்களிலும் எத்தனை ரகம்!

காசு கொடுத்து ஆள் வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு இரண்டு ஹோமம் தள்ளி ஒரு குடும்பம். போட்டோவுக்கு இருவர், வீடியோவுக்கு இருவர், லைட் பிடிக்க ஒரு பையன். "சார், தாலிய அப்படியே பிடிங்க... ஒரு செகண்ட்... மேடம், இங்க பாருங்க... சார், இன்னொரு தடவை கட்டுங்க." குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது போட்டோகிராபர்களின் முதுகு மட்டும். அந்த ஆல்பம் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால், அது விசேஷத்தின் படமா, படத்துக்காக நடந்த விசேஷமா என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் அண்ணனிடமும் குறை உண்டு. நாலு வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. ஆல்பம் அட்டையில் அப்பாவின் இன்ஷியலை மாற்றி அச்சடித்துவிட்டார், திருப்பிக் கொடுத்து வாங்கினோம். அத்தை மாப்பிள்ளை சாப்பாட்டுப் பந்தியில் மட்டும்தான் இருக்கிறார், மற்ற எதிலும் இல்லை. அதற்கு நானும் காரணம். முக்கியமானவர்கள் பட்டியல் எழுதிக் கொடுத்தபோது அவர் பெயரை விட்டுவிட்டேன். அந்த மனவருத்தம் இன்னும் தீரவில்லை, தீபாவளிக்குள் தீர்ந்துவிடும் என்று அம்மா சொல்கிறார்.

நீங்கள் ஆள் பேசப் போகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். கடையில் காட்டும் அழகான பத்துப் படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல், ஏதாவது ஒரு விசேஷத்தின் முழு ஆல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள். இருட்டு, புகை, பந்தி எல்லாம் அதில்தான் இருக்கும். பேசுகிற ஆளே வருவாரா, வேறு பையனை அனுப்புவாரா என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகும் கேமராவா என்றும் கேட்கலாம், தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். ஆல்பத்தைவிட முக்கியம், சுருக்காத ஒரிஜினல் படங்கள் அத்தனையும் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ கைக்கு வர வேண்டும். வந்ததும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அழித்துவிட்டு அழுதவள் சொல்கிறேன்.

வீடியோ நாங்கள் எடுக்கவில்லை. பணம் இல்லை என்பதுதான் நிஜம்.

தரங்கம்பாடியில் ஒரு சட்டை

மதியச் சாப்பாட்டோடு அண்ணனின் வேலை முடிந்தது. திருக்கடையூர் வந்தவர்கள் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தரங்கம்பாடியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று சித்தப்பா சொல்ல, வேன் அங்கே கிளம்பியது. "எனக்கும் அந்தப் பக்கம்தான் வீடு, கடற்கரையில ஒரு குடும்பப் படம் எடுத்துத் தர்றேன்" என்று அண்ணனும் ஏறிக்கொண்டார்.

1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. 200 வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டு 1845-ல் பிரிட்டிஷாரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சாயங்கால வெயிலில் சுவர் மஞ்சளாக இருந்தது. கடற்கரையில் அலை அரித்தது போக மிச்சம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். குழந்தைகள் சுண்டல் கேட்டார்கள். 14 பேரையும் மணலில் நிறுத்துவதற்குள் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அத்தை மாப்பிள்ளை அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

எல்லாம் முடிந்து அண்ணன் பையை மூடும்போது தாத்தா கூப்பிட்டார்.

"தம்பி, என்னத் தனியா ஒண்ணு எடு."

எடுத்த இடத்திலேயே எடுக்கலாம் என்று அண்ணன் கேமராவைத் தூக்க, தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். மஞ்சப்பையில் இருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தார். சலவை மடிப்பு கலையாமல் இருந்தது. சென்னையில் இருந்தே கொண்டுவந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. வேனுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து, கோட்டைச் சுவருக்கு முன்னால் நாற்காலி கேட்டார். டீக்கடையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. உட்கார்ந்து, மேல் பட்டனைப் போட்டார். கைக்கு எட்டவில்லை. அம்மா குனிந்து போட்டுவிட்டார்.

"சட்டை நல்லாத் தெரியிற மாதிரி எடு. அவளுக்குப் பண்ணுன மாதிரி எனக்கும் யாரு சட்டையயாவது மாட்டிவிட்டுடப் போறாங்க."

சித்தப்பா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அப்பா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். அண்ணன் மட்டும் எதுவும் நடக்காததுபோல, "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார். தாத்தா பார்த்தார்.

"சிரிக்கணுமா?"

"உங்க இஷ்டம் ஐயா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம். சாதாரணமா இருக்கட்டும்" என்றார். மூன்று படங்கள் எடுத்தார் அண்ணன். கேமராவின் சின்னத் திரையில் மூன்றையும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, காலர், பட்டன், பாக்கெட் எல்லாவற்றையும் தாத்தா சரிபார்த்தார். இரண்டாவதுதான் சரி என்றார். பிறகு சட்டையைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.